பதினாறு லேன்களுக்கு ஒரே கட்டுப்பாட்டு அலகு: ஒரு லேன் நின்றால் எல்லாம் நிற்பதைத் தவிர்ப்பது எப்படி?

வர்த்தூர்வாசி எழுதியது:

வணக்கம். பெங்களூருவில் ஒரு சிப் நிறுவனத்தின் சரிபார்ப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். அலுவலக வேலைக்குத் தொடர்பில்லாமல், நானும் என் அறைத்தோழரும் மாலை நேரங்களில் ஓர் எஃப்பிஜிஏ பலகையில் (சுற்றை நாமே வடிவமைத்து ஏற்றக்கூடிய சிப் உள்ள பலகை) சிறிய வெக்டர் செயலி (ஒரே கட்டளையைப் பல தரவுகள்மேல் ஒருசேரச் செய்வது) ஒன்றைக் கட்டி வருகிறோம். ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்களைத் துப்புரவு செய்து, ஓலையின் பழுப்பு நிறத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பதுதான் அதன் வேலை.

அமைப்பு எளியது. கட்டளையை எடுத்து டிகோட் செய்யும் கட்டுப்பாட்டு அலகு ஒன்றே ஒன்று. அதன் கீழ் 16 லேன்கள், அதாவது இணையாக ஓடும் கணக்கு அலகுகள், ஒரே கட்டளையை ஒரே கிளாக்கில் (கடிகாரத் துடிப்பில்) செய்கின்றன. நினைவகம் தனித்தனியாகப் படிக்கக்கூடிய 16 பேங்குகளாகப் பிரிந்திருக்கிறது. படத்தின் ஒவ்வொரு வரியும் 16-இன் மடங்கான அகலம் உடையது. ஒரு புள்ளியின் முகவரியை 16-ஆல் வகுத்தால் வரும் மீதியே அதன் பேங்க் எண். எந்த லேனும் எந்தப் பேங்கையும் தொடலாம், ஆனால் ஒரு பேங்க் ஒரு கிளாக்கில் ஒரு லேனுக்கு மட்டுமே படித்துக் கொடுக்கும்.

வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலாவது மூன்று புள்ளி அகல வடிகட்டி. இதில் அடுத்தடுத்த புள்ளிகளை அடுத்தடுத்த லேன்கள் எடுத்துக்கொள்வதால் சிக்கல் ஏதும் இல்லை. இரண்டாவது, சுற்றுப்புறச் சராசரியைக் கணக்கிட வரிவரியாகத் தொடர் கூட்டுத்தொகை எடுப்பது. இதில் ஒரு லேனுக்கு ஒரு வரி என்று கொடுத்து, ஒவ்வொரு லேனும் தன் வரியிலிருந்து 16 புள்ளிகளை அடுத்தடுத்த 16 கட்டளைகளில் ஏற்றிக்கொண்டு பிறகு கூட்டுகிறது. மூன்றாவது, சாய்வாக எடுக்கப்பட்ட படத்தை நேராக்குவது. ஒவ்வொரு லேனும் தான் கணக்கிட்ட முகவரியிலிருந்து புள்ளியை எடுப்பதால், எது எந்தப் பேங்கில் மோதும் என்பது படத்தின் சாய்வைப் பொறுத்தது.

எந்த லேனாவது பேங்குக்காகக் காத்திருக்க நேர்ந்தால், 16 லேன்களின் ஸ்டால் (நிறுத்து) சமிக்ஞைகளும் ஒரே ஆர் கேட்டில் (ஓர் உள்ளீடு வந்தாலே வெளியீடு தரும் சுற்றில்) சேர்ந்து, அதே கிளாக்கில் செயலி முழுவதையும் உறைய வைக்கின்றன. 8 லேன்களாக இருந்தவரை இது ஓடியது. 16 ஆக்கியபோது பழைய கிளாக் வேகத்தில் டைமிங் தேறவில்லை, அதாவது சமிக்ஞைகள் ஒரு கிளாக்குக்குள் போய்ச் சேரவில்லை. ஆயிரக்கணக்கான ஃபிளிப்ஃப்ளாப்புகளின் (ஒரு பிட்டைத் தாங்கும் சுற்றுகளின்) எனேபிள் முனைகளுக்கு அந்த ஒரே சமிக்ஞை ஓடுவதுதான் காரணம் என்று அறிக்கை காட்டுகிறது. அது போகட்டும் என்று கிளாக்கைக் குறைத்தாலும், மூன்றாம் கட்டத்தில் கிளாக் எண்ணிக்கையில் கணக்கிட்டுப் பார்த்தால்கூட 8-லிருந்து 16-க்கு ஒன்றரை மடங்கு பலன்கூடக் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டு அலகை லேனுக்கு ஒன்றாகப் பெருக்காமல் இதைச் சீராக்க வழி உண்டா?


அல்சூர் கிழவன் எழுதியது:

உங்களிடம் இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. டைமிங் தேறாதது கம்பி நீளமும் ஃபேன்அவுட்டும் (ஒரே சமிக்ஞை பல முனைகளை ஓட்டுவது) தரும் நோய். பலன் இரட்டிக்காதது, கிளாக் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் தீராத வேறொரு நோய். இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கலாம் என்று இறங்கினால் எது எதனால் குணமானது என்றே தெரியாமல் போகும்.

முதலில் இரண்டாவதைப் பார்ப்போம். ஒரு கிளாக்கில் ஒரு லேன் காத்திருக்க நேரும் வாய்ப்பு 5 விழுக்காடு என்றும், லேன்கள் ஒன்றையொன்று சாராமல் காத்திருக்கின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 8 லேன்களும் ஒருசேர நகரும் வாய்ப்பு 0.95-இன் எட்டாம் அடுக்கு, அதாவது 0.66. ஆகவே சராசரியாக 5.3 லேன்களின் வேலை நடக்கிறது. 16 லேன்களுக்கு அந்த வாய்ப்பு 0.44, நடக்கும் வேலை 7. உங்கள் ஒன்றரை மடங்குக்கும் குறைவான பலன் இங்கிருந்துதான் வருகிறது. 32 லேன்கள் போட்டால் வாய்ப்பு 0.19 ஆகி, வேலை 6.2-க்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கில் ஏறத்தாழ 20 லேன்களோடு உச்சம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு லேனும் உதவியாக இல்லாமல் பாரமாகவே வந்து சேர்கிறது. என் பணிக்காலத்தில் லேனைக் கூட்டுவதே முன்னேற்றம் என்று நம்பிப் பலர் இந்தக் குழியில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். விழுந்தவர்களில் நானும் உண்டு.

இதற்கு மருந்து, லேன்கள் ஒன்றுக்கொன்று சில கட்டளைகள் முன்பின்னாக இருக்க அனுமதிப்பது. கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுபவர் ஒருவர்தான், அவர் சாம்பார் என்றால் வரிசை முழுவதற்கும் சாம்பார். ஆனால் ஒருவர் கூட்டைத் தின்று முடிக்கவில்லை என்பதற்காக அவர் வாளியோடு நிற்பதில்லை, ஏனென்றால் இலையில் இடம் இருக்கிறது. வேண்டாதவர் இலைமேல் கையை மறைக்கிறார். நம் பேச்சில் அது மாஸ்க்: ஒரு லேன் அந்தக் கட்டளையைச் செய்யாதபடி மறைப்பது. எல்லாரும் முடித்த பிறகே பந்தி எழுகிறது. உங்கள் செயலியில் இலை இல்லை. ஒவ்வொருவர் வாயிலும் நேரடியாக ஊட்டிக்கொண்டு, ஒருவர் மென்று முடிக்கும்வரை ஊரையே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அந்த இலைதான் லேனுக்கு ஒரு சிறு க்யூ (காத்திருப்பு வரிசை). டிகோட் முடிந்த கட்டளையைக் கட்டுப்பாட்டு அலகு ஒவ்வொரு லேனின் க்யூவிலும் போட்டுவிட்டு நகர வேண்டும். க்யூவில் எத்தனை இடம் மீதி என்று எண்ணும் கிரெடிட் கவுன்டர் ஒன்றை லேனுக்கு வைத்து, அனுப்பும்போது ஒன்று குறைத்து, லேன் எடுத்துக்கொண்டதும் ஒன்று கூட்டுங்கள். கட்டளை போய்ச் சேர 2 கிளாக்கும் கிரெடிட் திரும்பி வர 2 கிளாக்கும் ஆகுமானால், க்யூவின் ஆழம் 4-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒரு மோதல்கூட இல்லாத நேரத்திலும் இடைவெளி விழும். க்யூ ஆழமாக ஆக, 16 லேன்களின் பலன் 15.2 என்ற மேல்வரம்பை நெருங்கும்.

ஃபேன்அவுட்டுக்கு வருவோம். 16 லேன்களுக்கும் ஒரே கிளாக்கில் கட்டளை போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? கட்டளையை முதல் லேனுக்குக் கொடுங்கள். அது அடுத்த கிளாக்கில் தன் அண்டை லேனுக்குக் கொடுக்கட்டும். ஒவ்வொரு கம்பியும் குட்டையாகிவிடும். இதைப் படிக்கட்டு முறை என்று சொல்வோம். இதில் இரண்டாம் கட்டத்துக்கும் ஒரு நன்மை இருக்கிறது: ஒரே நெடுக்கையை (மேலிருந்து கீழான புள்ளி வரிசையை) எல்லா லேன்களும் ஒரே கிளாக்கில் கேட்பதற்குப் பதிலாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்.

கட்டுப்பாட்டு அலகை லேனுக்கு ஒன்றாகப் பெருக்க வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரியே. 2014-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்குக் காட்டிய கணக்கில், ஒரு கட்டளையைச் செய்து முடிக்க ஏறத்தாழ 70 பிக்கோஜூல் ஆகிறது. அதில் 32 பிட் கூட்டல் என்ற உண்மையான வேலைக்குச் செலவாவது 0.1 பிக்கோஜூல் மட்டுமே. மற்றதெல்லாம் கட்டளையை எடுப்பதும், ரெஜிஸ்டரைத் (செயலியின் உள் சேமிப்பிடத்தைத்) தொடுவதும், மேற்பார்வையும். 1972-ல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்கு வந்த இல்லியாக் 4 கணினி ஒரே கட்டுப்பாட்டு அலகின் கீழ் 64 கணிப்பான்களை ஓட்டியது. மாறாக, 1986-ல் இதே பெங்களூருவின் என்ஏஎல் ஆய்வகத்தில் ஓடத் தொடங்கிய ஃப்ளோசால்வர் என்ற இணைக் கணினியில் ஒவ்வொரு செயலிக்கும் சொந்தக் கட்டுப்பாடு இருந்தது. அங்கே உங்கள் சிக்கல் எழாது. ஆனால் மேற்பார்வைச் செலவு செயலிதோறும் உண்டு.


சுட்டெண் எழுதியது:

நான் கம்பைலர் (நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) துறையைச் சேர்ந்தவள். ஆகவே என் பார்வை ஒருபக்கச் சாய்வு உடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர் அல்சூர் கிழவன் அவர்களின் கணக்கு அழகானது, ஆனால் "லேன்கள் ஒன்றையொன்று சாராமல் காத்திருக்கின்றன" என்ற ஒரு சொற்றொடரின் மேல் முழுக் கட்டடமும் நிற்கிறது. மூன்றாம் கட்டத்துக்கு அது ஓரளவு பொருந்தும். இரண்டாம் கட்டத்துக்குச் சிறிதும் பொருந்தாது.

இரண்டாம் கட்டத்தில் படத்தின் அகலம் 16-இன் மடங்கு. ஒரு லேனுக்கு ஒரு வரி. அப்படியானால் எல்லா வரிகளின் முதல் புள்ளியும் ஒரே பேங்கில் இருக்கிறது, இரண்டாம் புள்ளிகள் எல்லாம் அடுத்த பேங்கில் இருக்கின்றன. 16 லேன்களும் ஒவ்வொரு கட்டளையிலும் ஒரே பேங்கின் வாசலில் நிற்கின்றன. மற்ற 15 பேங்குகளும் சும்மா இருக்கின்றன. 16 கட்டளைகளில் முடிய வேண்டிய ஏற்றம் 256 கிளாக் எடுக்கும். இங்கே 4 ஆழமுள்ள க்யூ போட்டால், லேன்கள் நான்கு கட்டளை முன்பின்னாகும் அளவுக்கு மட்டும் கூட்டம் சில பேங்குகளுக்குப் பிரியும். மற்றப் பேங்குகள் அப்போதும் சும்மாவே இருக்கும்.

இதற்கு வன்பொருளே தேவையில்லை. படத்தை நினைவகத்தில் வைக்கும்போது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு வெற்றுப் புள்ளியைச் சேர்த்து, அகலத்தை 16-இன் மடங்கோடு ஒன்று கூடுதலாக ஆக்குங்கள். அடுத்தடுத்த வரிகளின் முதல் புள்ளிகள் அடுத்தடுத்த பேங்குகளில் விழும். 256 கிளாக் 16 ஆகும். 32 பேங்குகள் கொண்ட என்விடியா செயலிகளின் பகிர்வு நினைவகத்துக்கு நிரல் எழுதுவோர் 32 அகல அட்டவணையை 33 என்று அறிவிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். படத்தை அனுப்பும் பக்கத்தில் நான்கைந்து வரி நிரல் மாற்றம். அரை நாள் வேலை.

பொதுவாகவே, நிரல் ஓடும் முன்பே தெரிந்த ஒன்றை ஓடும்போது கண்டுபிடிக்கும் வன்பொருளைக் கட்டுவது வீண் என்பது என் கட்சி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1997-ல் வெளியிட்ட சி6000 வகைச் செயலிகள் 256 பிட் பொட்டலத்தில் எட்டுக் கட்டளைகளை எடுக்கும். அடுத்த கட்டளை தன்னோடு சேர்ந்து ஓடலாமா என்பதை ஒவ்வொரு கட்டளையிலும் உள்ள ஒரே ஒரு பிட் சொல்லிவிடும். அந்தப் பிட்டை நிரப்புவது கம்பைலர். 2012-ல் வந்த கெப்ளர் சிப்பில் என்விடியாவும், கால அளவு முன்கூட்டியே தெரிந்த கணக்குகளின் சார்புகளைக் கம்பைலரிடமே ஒப்படைத்து, அதற்கு முந்தைய ஃபெர்மியில் இருந்த கனத்த வன்பொருளைக் குறைத்தது.

ஆனால் இந்தக் கட்சிக்கும் எல்லை உண்டு. 2001-ல் சந்தைக்கு வந்த இன்டெலின் ஐட்டேனியம் செயலி எல்லாவற்றையும் கம்பைலரிடம் எதிர்பார்த்தது. கேஷில் (செயலியருகே உள்ள சிறு வேக நினைவகத்தில்) தரவு இருக்குமா இல்லையா என்பதைக் கம்பைலரால் எப்படி முன்கூட்டிச் சொல்ல முடியும்? உங்கள் மூன்றாம் கட்டம் அந்த வகையைச் சேர்ந்தது. படத்தின் சாய்வு எனக்குத் தெரியாது. அங்கே பெரியவர் சொல்லும் க்யூவுக்கே என் வாக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். எழுத்துள்ள புள்ளிக்கு ஒரு வழி, வெற்று ஓலைக்கு ஒரு வழி என்று நிரல் பிரியும் இடங்களில், நீங்கள் இரண்டு வழிகளையும் மாஸ்க் போட்டு ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சுவடியில் எழுத்துகள் வரிகளில் திரண்டிருக்கும். ஓரங்களிலும் வரி இடைவெளிகளிலும் 16 புள்ளிகளும் வெறும் ஓலையாகவே இருப்பது அடிக்கடி நேரும். மாஸ்க் முழுவதும் பூச்சியமானால் அந்தத் துண்டையே தாண்டிவிடும் கட்டளை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை: "எல்லாம் பூச்சியமா?" என்ற கேள்வியும் 16 லேன்களிலிருந்து கட்டுப்பாட்டு அலகுக்குத் திரும்பி ஓடும் ஓர் ஆர் கேட்தான். அதே கிளாக்கில் பதில் வேண்டும் என்று கேட்டால் பழைய நோய் வேறு பெயரில் வரும். கேள்வியை ஒரு கட்டளையாகவும், விடையைப் பார்த்துத் தாவுவதைச் சில கிளாக் கழித்து வரும் வேறொரு கட்டளையாகவும் பிரித்துவிடுங்கள்.


மல்லேஸ்வரம் மாணவன் எழுதியது:

முதுநிலை மாணவன், தவறாகச் சொன்னால் பொறுத்தருள வேண்டும். வரைகலைச் செயலிகள் லேனுக்குக் க்யூ வைப்பதில்லை. 32 இழைகள் கொண்ட ஒரு வார்ப் (ஒன்றாக ஓடும் இழைக் கூட்டம்) காத்திருந்தால் இன்னொரு வார்ப்பை ஓட்டுகின்றன. வர்த்தூர்வாசி அவர்களும் நான்கு நிரல் ஓட்டங்களை மாறி மாறி ஓட்டினால் என்ன? 32 பிட் ரெஜிஸ்டர்கள் 32 என்றால் 1024 பிட்தான். ரெஜிஸ்டர்களை 36 கிலோபிட் பிளாக் ரேமில் (எஃப்பிஜிஏவின் உள் நினைவகக் கட்டத்தில்) வைத்திருந்தால் பெரும்பகுதி காலியாகவே கிடக்கிறது; நான்கு தொகுதிகளை வைக்கக் கூடுதல் இடம் தேவைப்படாது. ஒரே ஓட்டத்தின் இரு கட்டளைகளுக்கு இடையே நான்கு கிளாக் கிடைப்பதால், ஸ்டால் சமிக்ஞையும் அவசரமின்றிப் போய்ச் சேரலாம் அல்லவா?


அல்சூர் கிழவன் எழுதியது:

தம்பி சொன்னது தவறல்ல. பழைய, நல்ல யோசனை. 1964-ல் வந்த சிடிசி 6600 கணினியின் பத்துத் துணைச் செயலிகள் உண்மையில் ஒரே கணக்கு அலகைச் சுழல் முறையில் பங்கிட்டுக்கொண்டவைதாம். ஸ்டால் அவசரம் குறையும் என்பதும் சரி. ஆனால் அது காத்திருக்கும் நேரத்தை வேறு வேலையால் நிரப்புகிறதே தவிர, பேங்கின் வாசலை அகலமாக்குவதில்லை. நான்கு ஓட்டங்களும் அதே பேங்கைத் தேடினால் வாசலில் கூட்டம் நான்கு மடங்கு ஆகும். படம் வெளி நினைவகத்திலிருந்து வந்துகொண்டிருந்தால் உங்கள் வழிதான் முதல் வழி. இங்கே படம் உள்ளேயே இருக்கிறது.

சுட்டெண் அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். இரண்டாம் கட்டத்துக்கு நான் போட்ட கணக்கு செல்லாது.


வர்த்தூர்வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இருவர் சொன்னதையும் செய்தேன். வரியின் கடைசியில் ஒரு வெற்றுப் புள்ளி சேர்த்தேன். லேன் 0-இலிருந்து லேன் 15 வரை கட்டளை கிளாக்குக்கு ஒன்றாக இறங்கும் படிக்கட்டு முறையையும் அமைத்தேன். ஸ்டால் சமிக்ஞையை ஒரு கிளாக் தாமதமாக்கி, அதற்கு ஈடாகப் பைப்லைனில் ஸ்கிட் பஃபர் (நிறுத்தம் தாமதமாகும்போது வந்துவிடும் தரவைத் தாங்கும் இடம்) வைத்தேன். க்யூ இன்னும் இல்லை. பழைய கிளாக் வேகத்தில் 16 லேன்களும் டைமிங் தேறிவிட்டன. அன்றிரவு நானும் அறைத்தோழரும் சிவாஜிநகரில் பிரியாணி சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

கொண்டாட்டம் முந்திவிட்டது. இரண்டாம் கட்டத்தை ஓட்டிப் பார்த்தால் கிளாக் எண்ணிக்கை ஏறத்தாழ பழையபடியே இருக்கிறது. வெற்றுப் புள்ளியை மட்டும் சேர்த்து, படிக்கட்டு இல்லாமல் சிமுலேஷனில் ஓட்டினால் மோதலே இல்லை. இரண்டையும் சேர்த்தால் லேன்கள் மறுபடியும் ஒரே வாசலில் நிற்கின்றன. போதாக்குறைக்கு, இதுவரை சிக்கலே இல்லாதிருந்த முதல் கட்டத்திலும் மும்மூன்று லேன்களாக மோதல் தொடங்கியிருக்கிறது.

வேறொரு பிழையும் வந்தது. அதை நானே கண்டுபிடித்துவிட்டேன். 16 லேன்களின் மதிப்புகளையும் கூட்டி ஒன்றாக்கும் கட்டளை, எல்லா லேன்களும் ஒரே கிளாக்கில் தயாராக இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது. படிக்கட்டு வந்த பிறகு, லேன் 0 புதிய மதிப்பைத் தரும் கிளாக்கில் லேன் 15 முந்தைய கட்டளையின் மதிப்பையே வைத்துக்கொண்டிருந்தது. விடை பெரும்பாலும் சரியாகவே தோன்றியதால், லேன் லேனாக மாதிரி நிரலோடு ஒப்பிட்ட பிறகே அகப்பட்டது. இப்போது லேன்களுக்குக் குறுக்கே போகும் கட்டளைகள் மட்டும் எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருக்கின்றன. மாஸ்க் பூச்சியமா என்று கேட்பதும் இந்த வகையில் சேர்ந்துவிட்டதால், விடைக்குக் குறைந்தது 16 கிளாக் ஆகிறது. அதனால் நீளமான துண்டுகளுக்கு மட்டுமே தாண்டலைப் பயன்படுத்துகிறேன். மோதலுக்கு மட்டும் காரணம் புரியவில்லை.


சுட்டெண் எழுதியது:

குற்றத்தில் பாதி என்னுடையது. பெரியவரின் மருந்தும் என் மருந்தும் ஒரே நோய்க்கானவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

லேனின் எண்ணை நெ என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கட்டத்தில் வெற்றுப் புள்ளி இருக்கும்போது, லேன் நெ தொடும் பேங்க், லேன் 0 தொடுவதைவிட நெ தள்ளி இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் ஒரு பேங்க் நகர்ந்து தொடங்குகிறது. ஆனால் உங்கள் படிக்கட்டில் லேன் நெ, லேன் 0-ஐவிட நெ கட்டளைகள் பின்தங்கியிருக்கிறது. ஒவ்வொரு ஏற்றக் கட்டளையும் ஒரு பேங்க் முன்னால் போவதால், பின்தங்கிய நெ கட்டளைகள் நெ பேங்க் பின்னால் இழுக்கின்றன. கூட்டியது நெ, குறைத்தது நெ. எல்லா லேன்களும் ஒரே பேங்க். நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டீர்கள். முதல் கட்டத்திலும் அதே கதைதான்: அங்கே புள்ளிகள் அடுத்தடுத்து இருப்பதால் இயல்பாகவே ஒரு நெ இருந்தது, அதைப் படிக்கட்டு அழித்துவிட்டது. மூன்று ஏற்றக் கட்டளைகள் மட்டுமே தொடர்ச்சியாக வருவதால் மோதல் மும்மூன்றாக நின்றது.

பேங்குகள் 16 என்பதால், எல்லா லேன்களும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது, பேங்க் எண்ணின் கணக்கில் நெ-யைப் பெருக்கும் எண் ஒற்றைப்படையாக இருந்தால் 16 லேன்களும் 16 வெவ்வேறு பேங்குகளில் விழும். பூச்சியமானால் எல்லாம் மோதும். இரண்டானால் லேன் 0-உம் லேன் 8-உம் போல ஜோடி ஜோடியாக மோதும்.

ஆகவே வெற்றுப் புள்ளியை நீக்கிவிட்டுப் படிக்கட்டைத் தலைகீழாக்குங்கள். கட்டளை லேன் 15-இல் தொடங்கி லேன் 0-க்கு வரட்டும். அப்போது லேன் எண் கூடக்கூட அந்த லேன் முந்தியிருக்கும். இரண்டாம் கட்டத்தில் பெருக்கும் எண் 1 ஆகிறது, மோதல் இல்லை. முதல் கட்டத்தில் 2 ஆகிறது, ஆனால் ஒரு கிளாக்கில் அடுத்தடுத்த மூன்று லேன்கள் மட்டுமே ஏற்றுவதால் அவை இரண்டிரண்டு பேங்க் இடைவெளியில் விழும். அங்கும் மோதல் இல்லை. தலைகீழ்ப் படிக்கட்டையும் வெற்றுப் புள்ளியையும் சேர்த்து வைத்துக்கொண்டால் இரண்டாம் கட்டத்தின் எண் 2 ஆகி ஜோடி மோதல் வரும் என்பதால், அந்தப் புள்ளியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.


வர்த்தூர்வாசி எழுதியது:

சிமுலேஷனில் படிக்கட்டின் திசையை மாற்றி, வெற்றுப் புள்ளியை எடுத்துவிட்டேன். முதல் இரண்டு கட்டங்களிலும் மோதல் எண்ணி பூச்சியம் காட்டுகிறது. மூன்றாம் கட்டத்துக்கு 4 ஆழக் க்யூவை இந்த வார இறுதியில் சேர்க்கிறேன். அங்கே மட்டும் ஒரு சந்தேகம்: க்யூ வந்த பிறகு லேன்கள் படிக்கட்டின் வரிசையைக் கலைத்துக்கொண்டு முன்பின்னாகிவிடும், அடுத்த படத்தின் முதல் கட்டத்துக்குத் திரும்பும்போது அந்த வரிசையை எப்படி மீட்பது?


அல்சூர் கிழவன் எழுதியது:

லேன்களுக்குக் குறுக்கே போகும் கட்டளைக்காக நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் காத்திருப்பையே பயன்படுத்துங்கள். மூன்றாம் கட்டத்தின் கடைசியில் ஒரு வெற்றுக் கூட்டல் கட்டளை போதும். க்யூக்கள் காலியாகி எல்லா லேன்களும் அங்கே வந்து சேரும், அதற்கடுத்த கட்டளை மறுபடியும் 15-இலிருந்து படிப்படியாக இறங்கும். படத்துக்கு ஒருமுறை ஆகும் செலவு என்பதால் கணக்கில் தெரியாது. அந்தக் கூட்டலின் விடையை எந்த ரெஜிஸ்டரிலும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; நான் ஒருமுறை எழுதிவிட்டு இரண்டு நாள் தேடினேன்.